பெட்டாலிங் ஜெயாவின் தலபுராணம்

தமிழில் ஊர் வரலாறு பாடுவது புதிதன்று. சோழ நாட்டிலும் பாண்டி நாட்டிலும் தொண்டை நாட்டிலும் திருக்கோயில் அமைந்த ஊர்கள் பலவற்றுக்குத் தலபுராணங்கள் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் ஒருவரே இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியுள்ளார். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கி, மூர்த்தியின் பெருமையும் தலத்தின் பெருமையும் தீர்த்தத்தின் பெருமையும் முறையே விரித்துரைப்பது அந்நூல்களின் மரபு. அவற்றின் இலக்கிய நலத்தைக் குறைத்துக் கூறுவார் எவருமிலர். ஆனால் அவ்வூரில் ஏர் பிடித்தவன் யார், குளம் வெட்டியவன் யார், அவன் குடியிருந்த தெரு எது என்று தலபுராணத்தில் தேடுவோமாயின் ஏமாற்றமே எஞ்சும். அவற்றை அறியக் கல்வெட்டுகளைத்தான் நாட வேண்டும். புராணம் ஊரைப் புகழும்; கல்வெட்டு ஊரை எண்ணும். இரண்டும் வேண்டியவையே. எனினும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் கூடாது.

இந்த வேறுபாட்டை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டுப் புறநகர்கள் பலவும் இப்பொழுது தத்தம் வரலாற்றை எழுதத் தொடங்கியுள்ளன. நகராண்மைக் கழகங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் செய்தியாளர்களும் பழைய படங்களைத் தேடி எடுக்கின்றனர். பழைய கட்டடங்களைக் காக்கவேண்டும் என்கின்றனர். வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும் இவ்வாறு எழுதப்படுபவை கல்வெட்டின் வகையைச் சேர்ந்தனவா, தலபுராணத்தின் வகையைச் சேர்ந்தனவா என்று ஆராய்தல் நம் கடனாகும். அவ்வாறு ஆராய்வதற்குப் பெட்டாலிங் ஜெயாவைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறில்லை. ஏனெனில் இந்நாட்டில் திட்டமிட்டு எழுப்பப்பெற்ற புறநகர்களுக்கு அது முன்னோடி. அது எழுந்த நிலமோ ஓர் இரப்பர்த் தோட்டம்.

வழக்கமாகக் கூறப்படும் வரலாறு

பெட்டாலிங் ஜெயாவின் வரலாறு பெரும்பாலும் பின்வருமாறு சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோலாலம்பூரில் மக்கள் நெருக்கம் மிகுந்தது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. புறம்போக்கு நிலங்களில் குடியேறியிருந்தோரை ஒழுங்குபட்ட குடியிருப்புகளில் அமர்த்த வேண்டிய தேவை ஏற்பட்டது. ஆகவே 1952ஆம் ஆண்டளவில், எஃபிங்காம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் புதிய நகரம் ஒன்று தொடங்கப்பட்டது. 1954இல் அதற்கெனத் தனி நிருவாகம் அமைந்தது. 1964இல் பட்டின வாரியம் வந்தது. 1977 ஜனவரி முதல் நாள் அது நகராண்மைக் கழகமாயிற்று. 2006 ஜூன் 20ஆம் நாள் மாநகர் என்னும் தகுதி பெற்றது. இடையில், 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகிச் சிலாங்கூரிலிருந்து பிரிந்தமையால், பெட்டாலிங் ஜெயா மாநில எல்லையில் நிற்கும் நகரமாயிற்று. கூட்டரசு நெடுஞ்சாலையின் குறுக்கே நிற்கும் கோத்தா டாருல் எஹ்சான் வளைவு அப்பிரிவின் நினைவாக எழுந்ததே.

இவ்வரலாற்றில் பிழை யாதுமில்லை. ஆண்டுகள் சரியானவை, காரணங்களும் ஏற்கத்தக்கவை. பழைய நகர்ப்பகுதியின் சந்தை, 1954இல் சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கி வளர்ந்த அசுந்தா மருத்துவமனை, தாமான் ஜெயா ஏரிப் பூங்கா, காரிலிருந்தபடியே உணவு வாங்கி உண்ணும் வசதியோடு 1960களில் வந்த உணவகம், இவை பற்றியெல்லாம் அன்போடு எழுதப்படுகின்றன. ஊர் மீது பற்றுடையோர் எழுதியவை என்பது படித்த மாத்திரத்தில் விளங்கும்.

குறை எங்கே இருக்கிறதெனில், முதல் வாக்கியத்தில் இருக்கிறது. ‘எஃபிங்காம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே வீடுகளுக்கும் சாலைகளுக்கும் சென்றுவிடுகின்றனர். ஓர் இரப்பர்த் தோட்டம் என்பது வெறும் நிலமா? அங்கே மரங்கள் மட்டுமா நின்றன? விடியுமுன் பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்றவர் யார்? உளியும் வாளியும் கொண்டு நிரை நிரையாக நடந்தவர் யார்? ஆயாக் கொட்டகையில் தூளி கட்டிப் பிள்ளையை விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்ற தாய் யார்? அவர்கள் நகரம் வந்தபொழுது எங்கே சென்றனர்? 1,200 ஏக்கர் என்று நிலத்தின் அளவைக் கூறும் வரலாறு, அந்நிலத்தில் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனை என்று கூறுவதில்லை. நிலத்தை அளந்தவர் ஆளை எண்ணவில்லை.

காடு அழித்து நகரம் கண்ட கதையாக அன்றி, வெற்றிடத்தில் நகரம் முளைத்த கதையாக இது அமைந்துவிடுகிறது. தலபுராணத்தில் இறைவன் சுயம்புவாக எழுந்தருளுவான். இங்கே நகரமே சுயம்புவாக எழுந்துவிட்டது! இதனாற்றான் இவ்வரலாற்றைப் புதிய தலபுராணம் என்றேன்.

எண்ணால் ஆன ஊர்

பெட்டாலிங் ஜெயாவுக்குச் செல்லும் வெளியூரார் முதலில் திகைப்பது அதன் தெருப் பெயர்களைக் கண்டுதான். ஐந்தாம் பிரிவு, பதினான்காம் பிரிவு என்று பகுதிகள் எண்ணப்பட்டுள்ளன. பிரிவின் எண்ணை முன்னும் தெருவின் எண்ணைப் பின்னும் வைத்து நடுவே ஒரு கோடிட்டால் அதுவே தெருப் பெயர். அஞ்சற்காரருக்கு இது மிக எளிது. வரலாற்று மாணவனுக்கோ இது வாயடைத்த ஊர்.

தமிழர்க்கு ஊர்ப்பெயர் என்பது வெறும் அடையாளக் குறியன்று. ஆலத்தூர் கிழார், கோவூர் கிழார் என்று ஊரையே தம் பெயராகக் கொண்டு வாழ்ந்த புலவர் பெருமக்கள் சங்க காலத்தில் இருந்தனர். இயற்பெயர் மறைந்து ஊர்ப்பெயர் மட்டுமே நின்றவரும் அவருள் உளர். ஒரு பெயரில் மண்ணின் தன்மை இருக்கும். மரமும் நீர்நிலையும் இருக்கும். வந்தவரும் போனவரும் இருப்பர். ‘பெட்டாலிங்’ என்பதே இந்நாட்டுக் காட்டில் வளரும் வலிய மரமொன்றின் பெயர் அன்றோ? அம்மரத்தின் பெயரோடு வெற்றி எனப் பொருள்படும் ‘ஜெயா’ சேர்ந்தே ஊர்ப்பெயர் அமைந்தது. ஊருக்கு இவ்வளவு பொருள் நிறைந்த பெயரிட்டவர்கள் தெருக்களுக்கு எண்களை மட்டுமே இட்டனர்.

எண்களுக்கிடையே சில எழுத்துகளும் உண்டு. ‘எஸ்.எஸ்.’ என்று தொடங்கும் பகுதிகளில் வாழும் இளைஞர் பலர்க்கு அவ்வெழுத்துகள் சுங்கை வே, சுபாங் என்னும் இரண்டு ஊர்களின் தலையெழுத்துகள் என்பது தெரியாது. சுங்கை வே என்பது அவசரகாலத்தில் அமைந்த புதுக்கிராமம். பின்னர் 1972இல் தடையற்ற வாணிக வட்டாரம் அப்பகுதியில் தோன்றியபொழுது, மின்னணுப் பொருள்களைச் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே வந்தன. தோட்டங்களில் பிறந்த நம் பெண்மக்கள் பால்வாளியை வைத்துவிட்டுச் சீருடை அணிந்து ஆலை வண்டியேறியது இத்தகைய தொழிற்பேட்டைகளுக்குத்தான். ஒரு சமுதாயத்தின் வாழ்க்கை முறையே மாறிய செய்தி இது. அது இரண்டு எழுத்துகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பெயர் பெற்ற சாலைகளும் இல்லாமல் இல்லை. 1952இல் மலாயாவின் உயர் ஆணையராக வந்த டெம்ப்ளரின் பெயரில் ஒரு சாலை இன்றும் உண்டு. அண்மைக் காலத்தில் இரண்டு அறிஞர்களின் பெயர்கள் சூட்டப்பட்டமை மிகவும் போற்றத்தக்கது. ‘செமங்காட்’ என வழங்கிய சாலை, 2019இல் மறைந்த வரலாற்றுப் பேராசிரியர் கூ கே கிம் அவர்களின் பெயரைத் தாங்குகிறது. ‘யூனிவர்சிட்டி’ என வழங்கிய சாலை, 2020இல் மறைந்த அரசப் பேராசிரியர் உங்கு அசிஸ் அவர்களின் பெயரைத் தாங்குகிறது.

உங்கு அசிஸ் அவர்களின் பெயர் அச்சாலைக்கு அமைந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. சாலையிற் செல்வோர் அதனை அறியார். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்றுக் கப்பலேறினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கிச் சிறு முதலாளிகளுக்கு விற்றனர். வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். இத்துண்டாடலை 1951 முதல் 1960 வரையிலான காலத்துக்கு ஆராய்ந்து 1962இல் அறிக்கை அளித்தவர் உங்கு அசிஸ் அவர்களே. துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்ததும் இத்துயரம் கண்டுதான். ஆகவே தோட்டத்தின் மேல் எழுந்த நகரத்தில், தோட்டம் அழிந்ததை ஆராய்ந்தவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பெயர்ப்பலகை பெயரைச் சொல்கிறது. அப்பெயரோடு இந்நிலத்துக்குள்ள உறவைச் சொல்ல ஊர் வரலாறுதான் முன்வர வேண்டும். இதுவரை அது போதிய அளவில் முன்வரவில்லை.

பெயரைக் காத்தவர் யார்?

எஃபிங்காம் என்ற பெயர் இன்று எங்கே இருக்கிறது? இது நாம் கேட்க வேண்டிய தலையாய கேள்வி.

அப்பெயர் நம் மண்ணுக்குரியதன்று. இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் எஃபிங்காம் என்றொரு சிற்றூர் உண்டு. தோட்டங்களுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டுதல் துரைமார்களின் வழக்கம். நம் மக்கள் நாவில் அப்பெயர்கள் எளிதில் புகவில்லை. ஆகவே கிணற்றையும் மரத்தையும் மேட்டையும் வைத்தும், பழைய துரையின் பெயரையும் கங்காணியின் பெயரையும் வைத்தும் தோட்டங்களுக்குத் தாமே வேறு பெயர் இட்டு வழங்கினர். கிராணியின் ஏட்டில் ஒரு பெயர். லயத்தின் வாயில் வேறொரு பெயர்.

எஃபிங்காம் என்ற பெயருடைய தோட்டத்து நிலத்திலேதான் பிற்காலத்தில் பண்டார் உத்தாமாவும் எழுந்தது. 1995இல் திறக்கப்பட்ட பெரிய வணிக வளாகத்தைத் தெரியாதவர் இல்லை. அந்த வளாகத்தின் பெயரிலோ குடியிருப்பின் பெயரிலோ பழைய தோட்டத்தின் சுவடு இல்லை. ஆயின் அங்கேயே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதன் பெயர் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி!

இதனைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே மாநகர் எல்லைக்குள் கம்போங் லிண்டோங்கானில் சீபோர்ட் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சீபோர்ட் தோட்டம் இன்றில்லை. அதன் பெயரைப் பள்ளி தாங்கி நிற்கிறது. எல்லையைத் தாண்டி ஷா ஆலம் பக்கம் சென்றால் மிட்லண்ட்ஸ், ஈபோர் என்னும் பெயர்களும் அவ்வாறே தமிழ்ப்பள்ளிகளின் வாயிலில் நிற்கின்றன. மரம் போயிற்று, லயம் போயிற்று, பிரட்டுக் களம் போயிற்று, துரையின் பங்களா போயிற்று. பள்ளி மட்டும் பெயரோடு இடம் பெயர்ந்து வந்து நிற்கிறது. ஆங்கிலேயன் சூட்டிய பெயரை ஆங்கிலேயன் மறந்தான், நிலத்தை வாங்கியவர் மறந்தனர், நகரம் மறந்தது. அப்பெயரை உச்சரிக்க வராமல் வேறு பெயரிட்டு வழங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், சட்டைப் பையில் தைத்த சின்னத்தில் அதனைச் சுமந்து செல்கின்றனர்.

இத்தகைய பள்ளிகள் தோன்றிய வரலாறும் நினைவிற் கொள்ளத்தக்கது. பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக் கோவையின் விதி. கொட்டகையில் நடந்தவை, கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்தவை என்று பல பள்ளிகள் பெயரளவுக்கே இருந்தன. எனினும் அவை இருந்தன. இன்று பெட்டாலிங் ஜெயாவின் அடிமண்ணில் என்ன இருந்தது என்பதற்கு உயிருள்ள சான்று வேண்டுவோர், அரும்பொருட்காட்சிச் சாலைக்குச் செல்லுமுன் அத்தமிழ்ப்பள்ளியின் வாயிற்பலகையைப் படிப்பாராக.

நம் மலர்களின் குறை

பிறரைக் குறை கூறிவிட்டு நம்மை விட்டுவிடுதல் நடுநிலை ஆகாது. நாம் எழுதும் ஊர் வரலாறு எவ்வாறு இருக்கிறது?

நம்மிடையே ஊர் வரலாறு எழுதப்படும் இடம் விழா மலர்களே. குடமுழுக்கு மலர், பள்ளி வெள்ளி விழா மலர், சங்கப் பொன்விழா மலர் என்று ஆண்டுதோறும் பல வெளிவருகின்றன. அவற்றை ஊன்றிப் படிப்போர்க்கு அவற்றின் அமைப்பு மனப்பாடம் ஆகியிருக்கும். முன்பகுதி முழுவதும் வாழ்த்துச் செய்திகள். நடுவில் செயற்குழுவினரின் படங்கள். பின்பகுதி முழுவதும் விளம்பரங்கள். இவற்றுக்கிடையே ‘வரலாறு’ என்ற தலைப்பில் ஒரு பக்கம். அந்தப் பக்கமும் ‘பன்னெடுங்காலத்துக்கு முன்னர் நம் முன்னோர்களால் தொடங்கப்பட்டது’ என்றே ஆரம்பமாகும். எந்த முன்னோர்? எந்த ஆண்டு? எந்தத் தோட்டம்? எந்த ஊரிலிருந்து வந்தவர்கள்? விடையில்லை. நன்கொடை அளித்தோர் பட்டியல் மட்டும் வெள்ளிக்காசு பிசகாமல் இருக்கும்.

நகராண்மைக் கழகத்தின் வரலாறு நம்மை விட்டுவிட்டது என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். நம் வரலாற்றில் நாமே எங்கே இருக்கிறோம்? தலைவர், துணைத்தலைவர், செயலாளர் இருக்கின்றனர்; பால்மரம் வெட்டியவர் இல்லை. ஆக, இதுவும் தலபுராணந்தான். மூர்த்திகளின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

நம் இலக்கியம் இக்குறையை நிறைக்கிறதே எனலாம். கா. பெருமாள் அவர்களின் ‘துயரப் பாதை’யும், தமிழ்நாட்டிலிருந்து வந்து கண்டு எழுதிய அகிலன் அவர்களின் ‘பால்மரக் காட்டினிலே’யும் தோட்ட வாழ்வைச் சித்திரித்த புதினங்கள். அவற்றால் நாம் பெற்ற பயன் பெரிது. ஆயினும் புதினம் புதினமே. அது உள்ளத்தைக் காட்டும், எல்லைக்கல்லைக் காட்டாது. எந்த லயம் எங்கே நின்றது, எந்த ஆண்டு இடிக்கப்பட்டது, அங்கிருந்தோர் எங்கே குடியேறினர் என்ற கணக்கைக் கதாசிரியரிடம் கேட்பது முறையன்று. அது ஊர் வரலாற்றாசிரியரின் வேலை.

அந்தக் கணக்கு இல்லாமையால் விளைந்த தீங்கு சிறிதன்று. தோட்டங்களை விட்டுப் பெயர்ந்தோர் பலர் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கினர். பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதி என்று இன்று எழுத்தும் எண்ணும் இட்டு வழங்கப்படும் இடங்களில் அவர்களின் குடிசைகள் இருந்தன. 2001 மார்ச் திங்களில் கம்போங் மேடான் வட்டாரத்தில் கலகம் மூண்டு ஆறு உயிர்கள் மாண்டபொழுதுதான், இப்படியோர் இடம் இருக்கிறது என்பதையே பலர் அறிந்தனர். செய்தித்தாள்கள் அவர்களைப் ‘புறம்போக்குவாசிகள்’ என்றன. அவர்களுள் பலர் தோட்டக்காட்டு மக்கள், இந்த நகரங்கள் எழுந்த நிலங்களில் முன்னர் உழைத்தோரின் வழிவந்தோர் என்று சொல்ல ஓர் ஊர் வரலாறு இருந்திருக்குமாயின், அச்சொல்லை எழுதுமுன் பேனா ஒரு கணம் தயங்கியிருக்கும். வரலாறு இல்லாதவன் தான் வாழ்ந்த மண்ணிலேயே வந்தேறி ஆகிறான்.

அதே மாநகர் எல்லைக்குள் வேறு சமுதாயத்தார் நடந்துகொண்ட முறையையும் பார்ப்போம். டாமன்சாரா புதுக்கிராமத்துச் சீனப்பள்ளி 2001இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டபொழுது, கிராமத்தார் ஒரு பகுதியினர் தம் பிள்ளைகளைப் பழைய இடத்திலேயே வைத்துப் படிப்பித்துப் போராடினர். 2009இல் அப்பள்ளி பழைய இடத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. போராட்டத்தின் நியாயங்கள் ஒருபுறம் இருக்கட்டும். ஓர் இடத்துக்கும் ஒரு பெயருக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதனையே.

பள்ளி ஏடே கல்வெட்டு

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று, கோயிற்பணிக்கெனக் கொணரப்பெற்ற நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குறிக்கிறது. வெறுமனே ‘நானூற்றுவர்’ என்று முடித்துவிடவில்லை. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், அவர் பெயர் என்ன, தஞ்சையில் எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவருக்கு அளிக்கப்பட்டது என்று வரிசையாகப் பொறித்துள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எளிய பெண்டிரின் வீட்டு முகவரியை நாம் இன்று படிக்கிறோம். எழுபது ஆண்டுகளுக்கு முன் எஃபிங்காம் லயத்தில் எத்தனையாவது வீட்டில் யார் இருந்தார் என்பதைக் கூறும் ஊர் வரலாறு நம்மிடம் இல்லை. மன்னன் கல்லில் எழுதினான்; நாம் தாளில் எழுதியதையும் காக்கவில்லை.

ஆனால் தாள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றுவோர் அனைவரும் அறிந்த ஏடு ஒன்று உண்டு. அதுதான் மாணவர் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். பழைய பதிவேட்டின் ‘விலகிய காரணம்’ என்னும் கட்டம் ஒன்றே ஒரு நூலுக்குச் சமம். ‘வேறு தோட்டம்’, ‘ஊருக்குப் போனார்கள்’, ‘வேலைக்குச் சென்றான்’ என்ற இரண்டு மூன்று சொற்களுக்குள் ஒரு குடும்பத்தின் பயணம் அடங்கியிருக்கும். 1942 முதல் 1945 வரையிலான பக்கங்கள் வெறுமையாய்க் கிடந்தால், அந்த வெறுமையே ஒரு செய்தி. சயாம் இரயில் பாதைக்குத் தோட்டத்துத் தமிழர்களைக் கொண்டு சென்ற காலம் அது. ஒரே மாதத்தில் பல பிள்ளைகள் விலகியிருந்தால், தோட்டம் கைமாறியது என்று ஊகித்து மேலும் தேடலாம்.

தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் ஏடுகளும் இத்தகையவையே. யார் எத்தனை நாள் பிரட்டுக்கு வந்தார், என்ன கூலி பெற்றார் என்று அவை கூறும். ஆனால் அவை தனியார் உடைமை. தோட்டம் விற்கப்பட்டால் மேசையும் நாற்காலியும் விலைபோகும், ஏடுகளுக்கு விலையில்லை, குப்பையோடு குப்பையாகும். அரசு பள்ளிகளின் ஆவணங்களுக்கோ 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின் காவல் உண்டு. காப்பகத்தின் ஒப்புதலின்றி அரசு ஆவணங்களை அழித்தல் கூடாது. 2005ஆம் ஆண்டு மரபுடைமைச் சட்டமும் கட்டடங்களை மட்டுமன்றி வேறு மரபுச் செல்வங்களையும் காக்க இடந்தருகிறது. சட்டம் இருக்கிறது. கறையானுக்கும் மழை ஒழுக்குக்கும் இடமாற்றத்தின் அவசரத்துக்கும் சட்டம் தெரியாதே! பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறும் நாளில், புது மேசைகளை எண்ணி இறக்குவோர் பழைய அலமாரியை எண்ணுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எதிர்வாதம்

‘தோட்ட வாழ்வு அடிமை வாழ்வு. கூலி என்று இகழப்பட்ட காலத்தை நினைவூட்டும் பெயர்கள் எதற்கு? பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியாளராகவும் வரவேண்டிய காலத்தில் பள்ளியின் பெயரில் தோட்டம் எதற்கு?’ என்று கேட்போர் நம்மில் உளர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இப்பேச்சு எழுவதுண்டு. பழிக்கத்தக்க எண்ணமன்று அது. தம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து வாழவேண்டும் என்ற தாகமே அவ்வாறு பேசச் செய்கிறது.

ஆயினும் சிந்திக்க வேண்டும். நினைவு கொள்ளுதல் வேறு, போற்றிப் பாடுதல் வேறு. கள்ளுக்கடையின் சீரழிவையும் கங்காணியின் கொடுமையையும் மறைத்துத் தோட்டத்தைச் சொர்க்கமாகச் சித்திரிப்பது இன்னொரு புராணமாகும். அதனை நான் வேண்டவில்லை. பெயரை அழித்துவிட்டால் இழிவு போய்விடும் என்பதும் தவறு. இழிவு உழைத்தவர்க்கு உரியதன்று; உழைப்பை உறிஞ்சியவர்க்கே உரியது. பெயர் போனால் உழைத்தவனைப் பற்றிய சான்றுதான் போகும். தோட்டத் தொழிலாளர் 1954இல் ஒன்றுபட்டு அமைத்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையகம் இன்று பெட்டாலிங் ஜெயாவிலேதான் இருக்கிறது. தங்களுக்கு நாள் சம்பளமும் மாதச் சம்பளமும் எவ்வாறு பேசிப் பெறப்பட்டன என்பதை அறியாத தலைமுறை, அக்கட்டடத்தைக் கடந்து செல்கையில் என்ன கண்டுகொள்ளும்?

செய்யத்தக்கவை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் புகட்டப்பட்ட அடிப்படைப் பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. வரலாறு கற்பிக்கும் முறையும் அதுவே. 2014 முதல் தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டில் வரலாறு தனிப் பாடமாக வந்துவிட்டது. மலாக்காவின் பெருமையைக் கற்கும் பிள்ளை, தன் பள்ளியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாகாதா? பாட்டனாரிடம் நான்கு கேள்விகள் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். எந்தத் தோட்டம்? எத்தனையாம் நம்பர் லயம்? கங்காணி யார்? எந்த ஆண்டு, ஏன் வெளியேறினீர்கள்? முப்பது பிள்ளைகள் எழுதிவந்தால் ஒரு தோட்டத்தின் வரைபடம் உருவாகிவிடும். இதற்குப் பணம் வேண்டாம், மானியம் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் பாட்டனார் இருக்கும்பொழுதே கேட்டாக வேண்டும்.

தலைமையாசிரியர்கள் தத்தம் பள்ளியின் பழைய பதிவேடுகளைப் படியெடுத்து ஒரு படியைத் தேசிய ஆவணக் காப்பகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ சேர்ப்பிக்கலாம். விழா மலர் வெளியிடுவோர், வாழ்த்துச் செய்திகளில் இரண்டைக் குறைத்து, அவ்விடத்தில் பழைய மாணவர் சேர்க்கை விவரங்களைத் தொகுத்து வெளியிடலாம். தனியார் பெயர்களை வெளியிட ஒவ்வாவிடில் எண்ணிக்கைகளை மட்டுமேனும் தரலாம். நகராண்மைக் கழகங்கள் தம் வரலாற்றின் முதல் வாக்கியத்துக்கும் இரண்டாம் வாக்கியத்துக்கும் இடையே ஒரு பத்தி சேர்க்கலாம். அந்தப் பத்தியை எழுதுவதற்கு வேண்டிய சான்றுகளை அவர்கள் கையில் கொடுப்பது நம் பொறுப்பு. கொடுக்காமல் குறை கூறுதல் பயனில் பேச்சு.

புறநகர் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தோட்டமோ ஈயக் குட்டையோ கம்பமோ உண்டு. மேலே எழுந்ததைப் புகழ்ந்து பாடுவோர்க்குப் பஞ்சமில்லை. அடியில் இருந்ததை எண்ணி எழுதுவோரே இன்று வேண்டப்படுகின்றனர். எஃபிங்காம் என்று எழுதிய பலகையின் கீழே நின்று, ‘ஐயா, இதன் பொருள் என்ன?’ என்று ஒரு மாணவன் வினவினால், விடை சொல்ல ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும். அவர் கையில் ஓர் ஏடும் இருத்தல் வேண்டும்.